திங்கட்கிழமை மட்டும் வயிற்றுவலி!

"டாக்டரம்மா, இவளுக்கு வாரத்துல ஆறு நாளும் ஒண்ணுமில்ல. திங்கட்கிழமை விடிஞ்சா போதும், வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கிறா. பூச்சி மருந்து குடுத்துப் பார்த்தாச்சு. ஓமத் தண்ணி குடுத்தாச்சு. திருஷ்டிகூட சுத்திப் போட்டாச்சு. என்னான்னே புரியல!"

சிதம்பரத்தில் மாலை நேரத்தில் நான் நடத்தும் வைத்தியசாலைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா இப்படிச் சொன்னார். பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒல்லியான உடம்பு, துறுதுறு கண்கள். ஆனால் என் எதிரே உட்கார்ந்ததும் தரையைத்தான் பார்த்தாள்.

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க 'எண்வகைத் தேர்வு' என்று ஒன்று உண்டு. நாடி, பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், 'மற்ற ஏழையும் அவசரத்தில் பார்த்தாலும் பார்த்துவிடலாம். மொழியை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்காதே' என்பார். மொழி என்றால் நோயாளியின் குரல். அது எங்கே ஏறுகிறது, எங்கே தாழ்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு நாக்கில் மாசு இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் இறுக்கம் இல்லை. பசி, தூக்கம், மலம் எல்லாம் ஒழுங்கு. பாட்டைப் பற்றிக் கேட்டேன், கணீரென்று பதில் வந்தது. தோழிகளைப் பற்றிக் கேட்டேன், சிரித்தாள். "திங்கட்கிழமை ஸ்கூல்ல முதல்ல என்ன நடக்கும் பாப்பா?" என்று கேட்டதும் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

"கார்டு செக் பண்ணுவாங்க மிஸ்..."

என்ன கார்டு? புத்தகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன ஒரு நன்கொடை அட்டை. 20 கட்டங்கள். கட்டத்துக்கு 50 ரூபாய். ஆக 1,000 ரூபாய் வசூலிக்க வேண்டும். அவள் அட்டையில் மூன்று கட்டங்கள்தான் நிரம்பியிருந்தன. அதில் இரண்டு அவளுடைய அப்பாவின் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் யார் யார் எத்தனை கட்டம் நிரப்பியிருக்கிறார்கள் என்று வகுப்பில் உரக்கப் படிப்பார்களாம். அதிகம் வசூலித்தவர்களுக்குக் கைதட்டல். மூன்று கட்டக்காரர்களுக்கு? அதை அவள் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அவளுக்கு நான் மருந்தே கொடுக்கவில்லை. வாசகர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் வருகிற வயிற்றுவலி எல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, கூடவே காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, வலது பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை.

மருந்து இல்லை, மருந்துச் சீட்டு இல்லை என்றதும் அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. காரணம், அட்டையோடு சேர்த்துப் பின் குத்தியிருந்த நோட்டீஸ்!

'48 நாளில் பூரண குணம்!'

வழவழப்பான தாளில் அச்சடித்த நோட்டீஸ். வேறொரு மாவட்டத்தில் இயங்கும் ஒரு காப்பகம். (பெயர் வேண்டாம். விஷயம் பெயரில் இல்லை.) மூளை வளர்ச்சி பாதித்த குழந்தைகளைத் தங்க வைத்துப் பராமரிக்கிறார்களாம். முகம் தெளிவாகத் தெரியும்படி ஐந்து குழந்தைகளின் படம். அதில் ஒரு குழந்தைக்கு மேல்சட்டைகூட இல்லை. கீழே கொட்டை எழுத்தில், 'சித்தர்கள் அருளிய மூலிகைகளால் 48 நாளில் பூரண குணம். வலிப்பு மாத்திரைகள் அடியோடு நிறுத்தப்படும்!'

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நான் சித்த வைத்தியர். இந்த மருத்துவத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் நாடி பிடிக்கிறேன். வர்மம், தொக்கணம் என்று மூளைவாதக் குழந்தைகளுக்குத் தசை இறுக்கம் குறைய நம் முறையில் செய்யக்கூடியவை உண்டு. பெற்றோருக்கு ஆறுதல் தரும்படி ஓரளவு பலனும் கிடைக்கும். ஆனால் பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பை 48 நாளில் பூரணமாகக் குணப்படுத்த எந்த வைத்தியத்திலும் வழி இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கடைசி வரி. மூளைவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலிப்பும் இருக்கும். தினமும் சாப்பிடும் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விட்டுவிட்டு வந்த வலிப்பு விடாமல் வர ஆரம்பிக்கும். அப்படி நிற்காமல் வரும் வலிப்பு உயிரையே கொண்டுபோய்விடும்.

இந்த மாதிரி விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று பெயர். அதன் அட்டவணையில் மூளைக் கோளாறுகள், வலிப்பு, பக்கவாதம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். ஆங்கில மருந்து, சித்த மருந்து என்ற வித்தியாசமெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கிடையாது.

நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "எங்க நாத்தனார் பையனுக்கு அஞ்சு வயசு. ஃபிட்ஸ் வரும். ஜிப்மர்ல மாத்திரை குடுத்திருக்காங்க, மூணு வருஷமா சாப்பிடுறான். இந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு நாத்தனார் முடிவு பண்ணிட்டாங்க. ஸ்கூல்லயே குடுத்த நோட்டீஸ்தானே... அப்ப நல்ல இடமாத்தானே இருக்கும்?"

பள்ளிக்கூடம் வசூலித்துக் கொடுக்கும் பணம் சில ஆயிரங்கள்தான். ஆனால் கூடவே பள்ளிக்கூடத்தின் பெயரையும் கொடுத்துவிடுகிறது. தெருவில் ஒருவன் நீட்டினால் வாங்கிக் கசக்கிப் போடும் நோட்டீஸ், ஆசிரியை கையால் வந்தால் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

நாத்தனாரை அன்று இரவே போனில் பிடித்தேன். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். பையனை ஜிப்மருக்கே தொடர்ந்து கூட்டிப் போகிறார்கள். தசை இறுக்கத்துக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள், ஜிப்மர் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.

'நல்ல காரியத்துல குறை கண்டுபிடிக்கலாமா?'

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் வயதானவர், நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு இரக்க குணம் வளரட்டும் என்றுதான் இதை ஆரம்பித்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"டாக்டர், குடுக்குற கையைத் தட்டிவிடலாமா? நல்ல காரியத்துல போய்க் குறை கண்டுபிடிக்கிறீங்களே!"

"ஐயா, நீங்க அந்த இடத்தை நேர்ல போய்ப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை. ஒரு பிரதிநிதி வந்தார், ஆல்பம் காட்டினார், பிள்ளைகள் முன்னால் உருக்கமாகப் பேசினார், அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். 'வருமான வரி விலக்கு உண்டு, அரசு பதிவு பெற்றது என்று போட்டிருக்கிறதே' என்றார் தாளாளர்.

இங்கேதான் படித்தவர்களே ஏமாந்து போகிறார்கள். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். அது அந்தப் பத்திரத்துக்கான பதிவு. வரி விலக்குச் சான்றிதழ் கொடுப்பவர் வரியைப் பற்றிக் கவலைப்படுவதற்காகச் சொன்னது. குழந்தைகளைத் தங்க வைக்கும் இடத்துக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். மனநோயாளிகளைத் தங்க வைத்தால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வேண்டும். அந்த நோட்டீஸில் இந்த மூன்றில் ஒன்றின் எண்ணும் இல்லை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் முகத்தையும் அடையாளத்தையும் இப்படி அச்சிட்டு ஊரெல்லாம் கொடுக்கக் கூடாது என்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தில் உள்ளதுதான்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க? நாம குடுத்தா புண்ணியம். அவங்க தப்பு பண்ணா அவங்களுக்குப் பாவம்" என்றார் பக்கத்தில் இருந்த ஓர் ஆசிரியர்.

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. உடம்புக் கணக்கு தெரியும். நாம் கொடுப்பது கடைசியில் யாரோ ஒருவர் உடம்பில்தான் போய்ச் சேர்கிறது. அது எப்படிப் போய்ச் சேரும் என்பதைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரையில் குவிந்த கம்பளிக் கோட்டுகள்

2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு... சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்போது எனக்கு முப்பது சொச்சம் வயசு. பரங்கிப்பேட்டைப் பக்கம் முகாம்களில் வேலை செய்தேன்.

நாடே அள்ளிக் கொடுத்தது. அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் வந்த பொருள்களையும் மறக்க முடியவில்லை. சாலையோரம் மலை மலையாகப் பழைய துணி. கிழிந்த உள்ளாடைகள், ஊக்கு பிடுங்கிய பாவாடைகள், மார்கழிப் பனியில்கூட நம் ஊரில் யாரும் போட முடியாத கம்பளிக் கோட்டுகள். வீடு வாசலைப் பறிகொடுத்த மீனவப் பெண் ஒருவர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "எங்கள என்னான்னு நெனச்சாங்க?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. மாடு தின்றது போக, மழையில் நனைந்து நாறியது போக, மிச்சத்தைத் தில்லியிலிருந்து வந்த 'கூஞ்ச்' போன்ற அமைப்புகள் எடுத்துத் தரம் பிரித்து வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. அந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு வீடாகச் சேகரித்து அனுப்பியதாகத்தான் இருக்க வேண்டும். பல மூட்டைகளில் பள்ளியின் பெயர்த் துணி கட்டியிருந்தது.

துணியாவது பரவாயில்லை. பால் பவுடர் டப்பாக்களும் புட்டிகளும் வந்தன. முகாமில் நல்ல தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பு இல்லை. தாய்ப்பால் நன்றாக ஊறிக்கொண்டிருந்த அம்மாக்கள்கூட 'அதிர்ச்சியில பால் கெட்டுப்போயிருக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புட்டிக்குப் போனார்கள். பிறகு பேதி. 2006-இல் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். நன்கொடையாகப் பால் பவுடர் வாங்கிய இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பேதி. வாங்காதவர்களில் சுமார் 12 சதவீதம்தான். இத்தனைக்கும் நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் குழந்தைப் பால் பவுடரையும் புட்டியையும் தானமாகக் கொடுக்கவே கூடாது.

மருந்தும் அப்படித்தான். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு சுமார் 4,000 டன் மருந்து போய் இறங்கியது. அதில் பெரும்பகுதி அங்குள்ளவர்களால் படிக்க முடியாத மொழியில் பெயர் ஒட்டியது! எந்த வியாதிக்கு என்றே தெரியாத மாத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குழி தோண்டிப் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தனியாகச் செலவு.

கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கு, எதற்கு, எப்படி என்று கேட்காமல் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அதே சமயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சுனாமியில் அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளை 'நாங்கள் வளர்க்கிறோம்' என்று பலர் கிளம்பி வந்தார்கள். தமிழக அரசு அதற்கு உடனே தடை போட்டது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசே இல்லம் திறந்தது. அன்றைக்கும் சிலர் கோபப்பட்டார்கள், 'நல்ல மனசோட வர்றவங்களைத் தடுக்கலாமா?' என்று. நல்ல மனசு நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லையே!

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்று ஒன்று பல வருஷம் நடந்தது. மனநலம் பாதித்தவர்கள், ஆதரவற்றவர்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். அங்கே சேர்த்த உறவினரைக் காணோம் என்று உயர் நீதிமன்றம் வரை ஒருவர் போன பிறகு, 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். முறையான அனுமதி இல்லாமலே நடந்து வந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. காணாமல் போனவர்கள், அடி உதை, பாலியல் புகார்கள்... வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்த பிறகும் நமக்கு இப்படி ஒரு பாடம் தேவைப்பட்டது!

எல்லாக் காப்பகமும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று சொல்லும் இல்லங்களும் கடலூரைச் சுற்றி உண்டு. நான் மாதாமாதம் போய் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடமும் உண்டு. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம வடலூருக்குப் போய்ப் பாருங்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார் 1867-இல் ஆரம்பித்த தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நீங்கள் கொடுத்த அரிசி சோறாகி இலையில் விழுவதை நின்று பார்க்கலாம், நீங்களும் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிடுகிறவரைப் படம் எடுத்து நோட்டீஸ் போடுவதில்லை.

எப்படிக் கேட்பது?

"கேட்டா என் புள்ளய ஸ்கூல்ல ஒரு மாதிரி பார்ப்பாங்களே டாக்டர்?" இது எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பயம். நியாயமான பயம்தான். அதனால்தான் சொல்கிறேன், வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். பிள்ளை கையில் கடிதம் கொடுத்தும் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். 'நாங்களும் கொடுக்க ஆசைப்படுகிறோம். அதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமா?' என்று ஆரம்பித்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். பதிவு எண் என்ன, போன வருஷக் கணக்கு எங்கே, பள்ளியிலிருந்து யார் போய்ப் பார்த்தார்கள், பணம் பள்ளி வழியாகக் காசோலையாகப் போகிறதா அல்லது பிரதிநிதி ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகிறாரா, அவருக்கு அதில் கமிஷன் உண்டா... இவ்வளவு கேட்டாலே போதும். கமிஷன் கேள்விக்குப் பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்! சந்தேகம் தீரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். அந்த இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்கு போன் செய்யலாம்.

நோட்டீஸில் 'குணமாக்குகிறோம்' என்று இருந்தால் அதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பராமரிக்கிறோம் என்பது வேறு, குணமாக்குகிறோம் என்பது வேறு.

இன்னொன்று, அந்த 20 கட்டம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளைகள் பணம் கேட்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகளைத் தனியாக அப்படி அனுப்பவே கூடாது. கொடுத்த தொகையை வகுப்பில் படித்துக் காட்டுவது அதைவிட மோசம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மன வேதனைக்கு ஆளாக்குவதையும் தடுக்கிறது. அந்தக் காலத்தில் நம் வீட்டில் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி பானையில் போகும். யார் வீட்டுப் பிடி பெரிசு என்று எவரும் அளந்ததில்லை.

பிறகு என்ன நடந்தது?

தாளாளர் அந்தக் காப்பகத்துக்குப் பதிவுச் சான்று கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பிரதிநிதி மட்டும் போனில் பேசினார், 'ஆயிரம் பள்ளிக்கூடம் கொடுக்குது, நீங்க மட்டும்தான் கேக்குறீங்க' என்று. அதற்குப் பிறகு தாளாளரே என் பக்கம் வந்துவிட்டார்! வசூலித்த பணத்தை அந்தந்தப் பெற்றோரிடம் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். சில பெற்றோருக்கு என் மேல் கோபம். 'கொடுக்கிற மனசைக் கெடுத்துட்டாங்க' என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ஒரு வாரம் அந்தத் தெரு வழியாகப் போகவே சங்கடமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அப்புறம் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் என்னையே கேட்டார்கள். "சரி, வேண்டாம்னு சொல்லிட்டீங்க. எதுக்குக் குடுக்கலாம்னும் நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் காசநோய் வில்லை விற்பார்கள். இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950-இலிருந்து வருஷா வருஷம் காந்தி ஜெயந்தி அன்று ஆரம்பித்த இயக்கம் அது. சில்லறைக் காசு கொடுத்து வாங்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வோம். யாரும் யாரையும் அதட்டவில்லை. காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அந்த மாத்திரைகளைத் தாங்க உடம்பில் சத்து வேண்டும். நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு 2018-இலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நோயாளியின் வீட்டில் உள்ளவர்களுக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்ததில், அவர்களுக்கு நோய் தொற்றிக்கொள்வது சுமார் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. அரிசியும் பருப்பும் செய்த வேலை!

2022 செப்டம்பரில் மத்திய அரசு ஆரம்பித்த 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் பள்ளிக்கூடமோ கம்பெனியோ தனி ஆளோ சேர்ந்து, சம்மதம் தெரிவித்த நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுக்கலாம். நான் இதைச் சொன்னதும் ஒருவர் எழுந்து, "ஐயையோ, டி.பி.யா! நம்ம புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்றார். பிள்ளைகள் நோயாளியைப் பார்க்கப் போவதே இல்லை, நோயாளியின் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியாது, பை ஆஸ்பத்திரி ஊழியர் கைக்குத்தான் போகும் என்று விளக்கினேன். அவர் பெயரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

இப்போது அந்தப் பள்ளியில் அட்டை இல்லை, கட்டம் இல்லை. மாதத்தின் முதல் வாரம் தலைமையாசிரியை அறை வாசலில் ஒரு டிரம் வைக்கிறார்கள். முடிந்த பிள்ளைகள் கால் கிலோ பருப்போ, நிலக்கடலையோ, பொட்டுக்கடலையோ போடுகிறார்கள். முடியாதவர்கள் எடை போட்டுப் பையில் கட்டும் வேலையைச் செய்கிறார்கள். ஆறு நோயாளிகளுக்குப் போகிறது. யார் என்ன போட்டார்கள் என்று எழுதி வைப்பதில்லை. என்னென்ன சேர்க்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது மட்டும் நான். முருங்கைக் கீரையை வீட்டிலேயே உலர்த்திப் பொடி செய்து அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பூஞ்சை பிடித்தால் யார் பொறுப்பு?

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது எட்டாவது. திங்கட்கிழமை வயிற்றுவலி நின்றுவிட்டதாம். தராசு அவள் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் மூட்டு வலிக்காக வந்த அவளுடைய அம்மா சொன்னார், "வீட்டுல உப்பு போடக்கூட கிராம் கணக்கு கேக்குறா டாக்டரம்மா, தாங்க முடியல!"

அந்த நோட்டீஸ் விஷயமாக, 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்து, அத்தாட்சிச் சீட்டையும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் கடலூர் பேருந்து நிலையத்தில் டீ குடிக்க நின்றபோது சுவரில் அதே நோட்டீஸ். முன்பு மஞ்சள், இப்போது பச்சை. 48 நாள் என்பது 90 நாள் ஆகியிருந்தது, போன் நம்பரும் மாறியிருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தேன். பழைய மனுவின் நகலோடு இணைத்து இரண்டாவது மனுவும் கொடுத்தாகிவிட்டது.